தவறுப் புத்தகத்தில் அக்காவின் வரி

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நொட்டை அக்கா. ஒருநாள் அது அவர் காதுக்கும் எட்டிவிட்டது. கோபப்படவே இல்லை. "நொட்டை சொல்றதுதானே என் வேலையே?" என்றார்.

நியாயம்தான். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய குறைக்கடத்திக் கம்பிகள்மேல் லேசரைப் பாய்ச்சி, அவை பதிலுக்கு எவ்வளவு ஒளிர்கின்றன என்று அளப்பவர் அவர். கம்பியில் அங்கங்கே அணுக்கள் விடுபட்டிருந்தால், எலக்ட்ரான்கள் அந்தப் பள்ளங்களில் போய் விழுந்துவிடும். ஒளியாக வரவேண்டியது வெறும் சூடாகப் போய்விடும்.

தவறுப் புத்தகமும் அவர் ஏற்பாடுதான். யார் எதைக் கோட்டைவிட்டாலும், தவறையும் காரணத்தையும் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அதில் ஒன்பது வரிகள். கம்பிகளை வளர்க்கும் உலைக்காரருக்கு ஒன்றரைப் பக்கம். பதினோரு வருடமாக அதில் ஏறாத ஒரே பெயர் அக்காவுடையது. அந்தக் கர்வம் அவர் நடையிலேயே தெரியும்.

உலைக்காரரும் அவரும் எலியும் பூனையும். ஆனால் அன்று உலைக்காரர் சண்டைக்கு வரவில்லை. மூன்று தடவை வளர்த்த கம்பிகள் மங்கலாக வந்திருந்தன. நான்காவதும் ஒளிராவிட்டால் உலையை மூடிவிட்டு, அவரைத் தொலைவிலுள்ள கிளைக்கு மாற்றிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. மனைவியின் வேலை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் இங்கேதான். நான்காவது தடவை வளர்த்த கம்பிகளைக் கொடுத்து, "கொஞ்சம் நல்லாப் பாருங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அளந்தார். மறுபடியும் மங்கல். அவருக்கே மனசு கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். வெளியே போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தவர் அப்போதுதான் கவனித்தார். லேசரை அணைக்காமல் போயிருக்கிறார்! ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் பட்டால் கம்பி கருகிவிடும் என்று எங்களை அவர் வறுத்தெடுக்காத நாளில்லை.

பதறிப்போய்த் திரையைப் பார்த்தார். அந்த இடம் மட்டும் எட்டு மடங்கு பளிச்சென்று ஒளிர்ந்தது. லேசர் ஒளியும் காற்றிலிருந்த ஆக்ஸிஜனும் சேர்ந்து பள்ளங்களை அடைத்துவிட்டன என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னும் மூன்று இடங்களில் வேண்டுமென்றே அரை மணி நேரம் காட்டிப் பார்த்தார். மூன்றும் ஒளிர்ந்தன.

புது முறை ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன் என்று சொல்லிப் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா சிவப்புப் பேனாவைத் தேடினார்.

உலைக்காரரைக் கூப்பிட்டு, "உங்க உலைய யாரும் மூட முடியாது. வந்து பாருங்க" என்றார். அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. பிறகுதான் பக்கத்தில் விரிந்து கிடந்த புத்தகம் கண்ணில் பட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"தவறு: லேசரை அணைக்க மறந்தேன். காரணம்: குளியலறை விளக்கை அணைக்க மறந்த கணவரை போனில் திட்டிக்கொண்டிருந்தேன்."

சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. அக்காவும்தான் சிரித்தார்.

"அக்கா, மாமாவுக்கு நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் உலைக்காரர். "இன்னிக்கு ஒரு நாளாவது அவரத் திட்டாதீங்க."