பனிச்சங்கேணித் துறையில் ஒரு ‘றைட்’

காலை ஆறரைக்கு மட்டக்களப்புச் சந்தையடியில் பஸ் ஏறினேன். கதிரவெளிக்கு நாற்பது மைலுக்குச் சற்று மேல். கட்டணம் ஒன்றேகால் ரூபா. என் புகையிலைச் சிப்பங்களுக்குத் தனியாக முப்பது சதம்.

கொண்டக்டர் தங்கராசாவின் வாயில் இருந்த இங்கிலீசு ஒரே சொல்தான். “றைட்” என்றால் பஸ் புறப்படும். காசு வாங்கினாலும் றைட். ஏறாவூரில் ஒருவர் கூரையில் கட்டிய கூடைகள் விழாதா என்று கேட்டார்; அதற்கும் றைட். சித்தாண்டிக்குக் கிட்ட வலப்பக்கமாக மாடு வந்தபோது அதே சொல் எச்சரிக்கையாயிற்று. இத்தனை வேலை பார்க்கும் ஆள் ஒருவன் கிடைத்தால் என் கடையை அவனிடம் விட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

பின் ஆசனத்தில் பாய் விரித்து ஒரு பெண் படுத்திருந்தாள். கால் முறிந்து, ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்புகிறவள். கணவர் கதிர்காமத்தம்பி, கதிரவெளி மீனவர், வழி நெடுக அவள் காலை மடியில் ஏந்தியிருந்தார்.

பத்தரைக்குப் பனிச்சங்கேணி. வாவி கடலோடு சேரும் இடம், பாலம் இல்லை. தோணிகளைப் பிணைத்துப் பலகை அடித்த மிதவையில் பஸ்ஸை ஏற்றிக் கடத்துகிறார்கள். அதற்கு இங்கே ‘பாதை’ என்று பெயர். கரையிலிருந்து இரண்டு பலகைகள் மேல் சக்கரம் ஏற வேண்டும். சறுக்கினால் தண்ணீர்தான். எல்லோரும் இறங்கினோம்.

“அக்காவத் தூக்கி இறக்குவமா?” என்றார் தங்கராசா.

“வேணாம். சும்மா சும்மா அசைச்சாக் கட்டுக் கழண்டிரும் எண்டு டொக்டர் சொன்னவர்.”

“அப்ப நீங்க இறங்குங்க அண்ணன்.”

“நான் இரிக்கன்.”

“இறங்குங்களன்,” என்றாள் மனைவி. “பிள்ளையள் ரெண்டும் வீட்ட பாத்துக்கிட்டு இரிக்குதுகள்.” அவர் காது கேளாதவர் போல் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரதி காசிம் காக்கா (முஸ்லிம்களிடம் காக்கா என்றால் அண்ணன்) எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருந்தார். தங்கராசா முழங்கால் தண்ணீரில் நின்று பலகையையே பார்த்தார், வாய் திறக்கவில்லை.

“சரிதான், ஏத்துங்க,” என்றார் பாதைக்காரர். எங்களில் ஒருவர் பொறுமையிழந்து “றைட்” என்றுகூடச் சொல்லிவிட்டார்.

காசிம் காக்கா அசையவில்லை. “அவன் சொல்லட்டும்,” என்றார்.

தங்கராசா ஒரு பலகையைத் தூக்கச் சொன்னார். அடியில் கல் வைத்து, மறுபடி போட்டு, மேலே ஏறி மிதித்துப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத குரலில், “றைட்.”

பலகை முனகியது. பஸ் ஏறி நின்றது. அக்கரை சேர்ந்த பிறகுதான் தங்கராசாவின் பழைய தொண்டை திரும்பியது.

நண்பகலுக்குக் கதிரவெளி. அவளைப் பாயோடு தூக்கி மர நிழலில் கிடத்தினோம். எங்கள் யாழ்ப்பாணத்துப் பஸ்களிலும் நாளெல்லாம் றைட் சொல்கிறார்கள். சொல்லாமல் நின்ற ஒருவரை நான் கண்டது இங்கேதான். பிள்ளைகள் இருவரும் ஓடி வந்தார்கள். “உங்கட அப்பாக்கு மூளை இல்ல. இறங்கச் சொன்னா இறங்கல்ல,” என்று அவர்களிடம் முறையிட்டாள். பஸ் போன பிறகும் ஏச்சு ஓயவில்லை. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனி அவள் கைக்குள் இறுகியிருந்தது.