எங்களுக்குக் கணித ரீச்சர் இருக்கிறா

திங்கட்கிழமைகளில் பேசாலையில் பஸ் ஏறும்போது என் பையில் ஒரு கருவாட்டுப் பொதி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தால், எனக்கும் அந்த வாசத்துக்கும் சம்பந்தமே இல்லாததுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உயிலங்குளத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே இருந்த சின்னப் பாடசாலைக்குப் போகும் பயணம் அது. பொதி எங்கள் கணித ரீச்சருக்கு. இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே படிப்பிக்கிறேன். புழுதியும் இல்லை, நெரிசலும் இல்லை. ஆனாலும் திங்கள் வந்தால் மனம் அந்தப் பஸ்ஸைத்தான் தேடுகிறது.

அந்த ரீச்சர் மலையகத்திலிருந்து வந்து அந்த ஊரில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சை முடித்த கையோடு தொண்டர் ஆசிரியராக வந்தாள். தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. என்றைக்காவது நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் படிப்பிக்க வேண்டியதுதான். அறுவடை முடிந்ததும் பெற்றோர் கொஞ்சம் நெல் கொண்டுவந்து கொடுப்பார்கள். பின்னக் கணக்கை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சொல்லிக்கொடுப்பாள். பாடம் முடியும்போது ரொட்டியும் முடிந்திருக்கும். கணக்கென்றால் காய்ச்சல் வரும் பிள்ளைகள்கூட அவளுடைய பாடத்துக்கு ஓடுவார்கள். இடைவேளையில் அவள் ஊற்றித் தரும் தேத்தண்ணியோடு நாங்கள் மூவரும், அதாவது பாடசாலை அதிபரும் அவளும் நானும், சிரித்துக் கிடந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இளகிப்போகிறது.

ஒருநாள், ஆசிரியர்களின் பிரச்சினைகளை அளந்து பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. “நெல்லை அளக்கலாம் சேர், பிரச்சினையை எந்தக் கொத்தால அளக்கிறது?” என்று அதிபரைச் சீண்டினேன். அவருக்குச் சிரிக்க நேரமில்லை. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஒரு குணம் உண்டு: வீட்டில் இல்லாததை வந்தவருக்குக் காட்டமாட்டார்கள். வருபவர் உட்காரக் கோயிலில் கதிரை இரவல் வாங்கினோம். உடைந்த மேசைகளைப் பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கினோம்.

வந்தவர் நல்ல மனிதர். வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓடி முகம் கறுத்திருந்தது. பிரச்சினை இல்லை, கொஞ்சம், அதிகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிவத்தில் அடையாளமிட்டார்.

“கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாமக் கஷ்டப்படுறியளோ?”

அந்த நேரம் பார்த்து அவள் அவருக்குத் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் நிற்கும் ஆளை வைத்துக்கொண்டு ஆள் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

“சீச்சீ, எங்களுக்கு நல்ல கணித ரீச்சர் இருக்கிறா” என்றார் அதிபர். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். அவர் ‘பிரச்சினை இல்லை’ என்பதில் அடையாளமிட்டார்.

சில மாதங்களில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நியமனம் வந்தது, ஆசிரியர் வெற்றிடம் காட்டிய பாடசாலைகளுக்கு மட்டும். எங்கள் பாடசாலையில் கணித வெற்றிடம் இல்லையாம். அதிபர் கந்தோருக்கு ஓடினார். “நீங்கள்தானே இருக்கிறா எண்டு சொன்னனீங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல், “என்ர வாயாலதான் பிள்ளை கெட்டது” என்றார்.

அவள் அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். பிறகு சொன்னாள்: “அப்படிச் சொல்லாதீங்க சார். அன்னைக்கு என் முன்னாலயே இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் அன்னைக்கே வீட்டுக்குப் போயிருப்பேன்.”

அந்தப் பாடசாலைத் தவணை முடியும்வரை வந்தாள். அதற்குப் பிறகு வவுனியாப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். அடுத்த தவணையின் முதல் நாள் பிள்ளைகள் கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். அதிபர் ஒரு தாளை எடுத்து, கணித ஆசிரியர் இல்லை என்று கந்தோருக்கு எழுதினார்.