தந்தி அக்காவின் குறியீட்டு நோட்டு

பம்ப் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் சம்பளப் பிரிவுக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் தந்தி அக்கா. இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த முதல் நாளே அவள் விரல்கள் ஓடிய வேகத்தைக் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு, இவ்வளவு அவசரமா தந்தி போகுது?" என்றாராம். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு அவள் தர ஆய்வுப் பிரிவில் எழுத்தரானாள், தலையும் பாதி நரைத்துவிட்டது. பெயர் மட்டும் நரைக்கவில்லை.

ஐம்பத்தோராவது வயதில் அவள் வலது கை நடுங்கத் தொடங்கியது. பூட்டில் சாவியை நுழைக்க இரண்டு முறை, மூன்று முறை முயல வேண்டியிருந்தது. கணவர் தையல்காரர். ஊசியில் நூல் கோத்தே வாழ்நாளைக் கழித்த மனிதர் கண்ணுக்கு விரல் நடுக்கம் தப்புமா? அவர் காலையில் காபியைப் பாதி டம்ளராகக் கொடுக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, பால் தீந்துடுச்சா?"

"இல்ல. மீதியை அப்புறம் சூடா தரேன்."

அவளுக்குப் புரிந்தது. டாக்டரிடம் போகலாமா என்று அவர் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தபோது வெடுக்கென்று சொன்னாள். "டாக்டர் அதுக்கு ஒரு பேர் வெப்பார். பேர் வெச்சுட்டா ஆபீசுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் என்னை வீட்ல உக்கார வெச்சுடுவாங்க." அதோடு பேச்சு நின்றது.

வேடிக்கை என்னவென்றால், விசைப்பலகையில் அந்தக் கை நடுங்கவே இல்லை. முப்பது வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன. ஆகவே கவலையில்லை என்று அவள் நினைத்திருந்த நேரத்தில்தான் புது மென்பொருள் வந்தது. வாங்குவது, இருப்பு வைப்பது, ஆய்வு, அனுப்புவது என்று கம்பெனியின் எல்லா வேலையும் ஒரே திரைக்குள். ஒரு பக்கத்துக்குப் போக ஏழு படி இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கடுகளவு அம்புக்குறி. அதன் மேல் மவுஸை நிறுத்திச் சொடுக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. அதிலும் அவளுக்கு மூக்கே கிடைக்கவில்லை. அம்புக்குறி ஓரிடத்தில் இருக்கும், மவுஸ் வேறிடத்துக்குத் துள்ளும். யாரும் பார்க்காதபோது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். மாலைக்குள் தோள்பட்டை கல்லாகிவிடும்.

ஒருநாள் பிரிண்டரைச் சரிசெய்ய கணினிப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் மவுஸைத் தொடவே இல்லை. இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தினாள். திரையின் மேல் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் நாலு எழுத்து அடித்தாள். ஏழு படிக்கு அடியில் இருந்த பக்கம் கண்முன் வந்து நின்றது.

"இது என்னம்மா?"

"குறுக்குவழிக் குறியீடுக்கா. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒண்ணு இருக்கு."

"எல்லாத்தையும் எங்க எழுதி வெச்சிருக்கீங்க?"

அந்தப் பெண் சிரித்தாள். "இங்க யாரும் எழுதி வெக்கலக்கா. அவங்கவங்களுக்குத் தேவையானது அவங்கவங்க தலையில இருக்கு."

அன்று மாலையே தந்தி அக்கா இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கினாள். தினமும் உணவு இடைவேளையில் பத்து நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு, தோள் வலிக்க வலிக்க ஒவ்வொரு பக்கமாக இறங்கிப் போவாள். திரையின் அடியில் பொடி எழுத்தில் தெரியும் குறியீட்டைக் குறித்துக்கொள்வாள். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து குறியீட்டை அடித்து, சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று பார்ப்பாள். மூன்றே மாதத்தில் மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

இருப்புப் பார்க்கும் பக்கத்துக்கு கேடி 11. இருப்பைப் பூட்டும் பக்கத்துக்கு, அதாவது குறையுள்ள சரக்கை யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கும் பக்கத்துக்கு, கேடி 17. முதன்முதலில் அந்த நோட்டைப் புரட்டிய ஸ்டோர்கீப்பர், "என்னக்கா, ரெண்டு கேடியை ஒரே நோட்டுல வெச்சிருக்கீங்க! போலீஸுக்குச் சொல்லிடட்டுமா?" என்றார்.

ஆனால் அவருக்கு அந்த நோட்டில் எதையும் தேடி எடுக்கத் தெரியவில்லை. மென்பொருள் வைத்த பெயர்கள் அப்படி. 'சரக்கு நகர்வு ஆவணக் காட்சி' என்றால் யாருக்கு என்ன விளங்கும்? தந்தி அக்கா யோசித்தாள். இன்னொரு நோட்டு வாங்கினாள். இம்முறை, ஆட்கள் அவளிடம் போனில் எப்படிக் கேட்பார்களோ அப்படியே எழுதினாள். 'லாரி வந்தாச்சு, இறக்கலாமா?' அதற்கு நேராக ஒரு குறியீடு. 'போன வாரம் வந்த சரக்கை யார் வாங்கி வெச்சாங்க?' அதற்கு ஒன்று. 'ஐயோ, தப்பா போட்டுட்டேன், திருப்பணும்.' அந்த வரிக்கு மட்டும் ஆறு குறியீடு. ஜனங்கள் ஆறு விதமாகத் தப்புச் செய்கிறார்களே!

நோட்டு நகலெடுக்கப்பட்டது. நகலுக்கு நகல் பிறந்தது. அரை வருடத்தில் அந்தத் தாள்கள் இல்லாத மேசையே இல்லை.

வந்த வினையும் அந்த நகலால்தான். கை நடுக்கத்தில் அவள் எழுதும் ஒன்று என்ற எண் கொஞ்சம் வளைந்து ஏழு போலத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலை, பேரிங் இருப்பைப் பார்க்க நினைத்த ஸ்டோர்கீப்பர் கேடி 11-ஐ கேடி 17 என்று படித்துவிட்டார். 'உறுதியாகவா?' என்று திரை கேட்டது. இது எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்று 'ஆம்' என்று அழுத்தினார். கம்பெனியில் இருந்த பேரிங் முழுவதும் பூட்டிக்கொண்டது. பம்ப்பின் பாகங்களைப் பொருத்தும் கூடத்தில், பேரிங் கிடைக்காமல் பத்து மணிக்கு நின்ற வேலை இரண்டு மணிக்குத்தான் மறுபடி தொடங்கியது.

கணினிப் பிரிவின் தலைவரை எல்லோரும் சர்வர் சார் என்பார்கள், அவர் காதுபட இல்லை. மூன்று மணிக்கு அவர் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இதை யார் எழுதினது?"

அத்தனை பேர் மேசையிலும் அந்தத் தாள் இருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் கூரையில் ஓடிய மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார். இவர்கள் தன்னைக் காப்பாற்றுகிறார்கள் என்று புரிந்ததும் தந்தி அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து நின்றாள்.

"நான்தான் சார். அது ஏழு இல்ல, ஒண்ணு. என் கை நடுங்கும். ரெண்டு வருஷமா நடுங்குது. மவுஸைப் பிடிக்க முடியல, அதனாலதான் குறியீடு தேட ஆரம்பிச்சேன்."

"படிச்சது நான் சார்," என்று ஸ்டோர்கீப்பர் குறுக்கே விழுந்தார். "கண்ணாடியை வீட்ல வெச்சுட்டு வந்துட்டேன். அக்கா மேல என்ன தப்பு?"

சர்வர் சார் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நகல்களையும் திரும்பப் பெற்றார். அந்த வாரம் முழுக்கக் கம்பெனி நொண்டியது. நோட்டு இல்லாமல் எல்லாக் குறியீடும் நினைவில் நிற்காததால் தந்தி அக்கா மறுபடி மவுஸுக்கே வந்தாள்; இப்போது ஒளிக்காமல், எல்லோரும் பார்க்க மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொடுக்கினாள். இனி என்ன ஆனால் என்ன? வெள்ளிக்கிழமை கணவரிடம் அவளாகவே சொன்னாள், "வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்." அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். பரம்பரையாக வரும் நடுக்கம், ஆபத்தில்லை, மாத்திரையில் கொஞ்சம் குறையும் என்றார் டாக்டர்.

திங்களன்று சர்வர் சார் நோட்டோடு அவள் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு குறியீடு. ஒவ்வொண்ணா அடிச்சுப் பார்த்தேன். நாலுதான் தப்பு. இதுல பதினொண்ணு மென்பொருள்காரங்க கொடுத்த புத்தகத்துலயே இல்ல. எங்க பிடிச்சீங்க?"

"சாப்பாட்டு நேரத்துல சார்."

அவர் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இதை டைப் பண்ணிக் கொடுங்க. எல்லாக் கிளைக்கும் அனுப்பணும். ஆனா அகர வரிசைப்படி, முறையான தலைப்போட இருக்கட்டும். 'ஐயோ தப்பா போட்டுட்டேன்'னெல்லாம் வேணாம்" என்றார்.

"மாட்டேன் சார்."

முப்பது வருடத்தில் அந்தக் கம்பெனியில் அவள் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "வீட்ல உங்களுக்கு உப்பு வேணும்னா எப்படி சார் கேப்பீங்க? உப்பு எங்கன்னு கேப்பீங்களா, ரெண்டாவது தட்டு மூணாவது டப்பா எங்கன்னு கேப்பீங்களா?"

"எங்க வீட்ல நான் கேட்டாலும் பதில் வராதும்மா," என்றார் சர்வர் சார். அவர் சிரித்ததை அந்தப் பிரிவு அன்றுதான் பார்த்தது.

மூன்று வாரம் டைப் செய்தாள். இடையில் மற்றப் பிரிவுக்காரர்கள் வந்து, "அக்கா, நாங்க இதை இப்படிக் கேக்க மாட்டோம், இப்படித்தான் கேப்போம்" என்று வரிகளைத் திருத்தினார்கள். ஸ்டோர்கீப்பரின் வற்புறுத்தலில் கேடி 17-க்கு நேராகத் தடித்த எழுத்தில் 'இது பூட்டும், பார்க்க மட்டும் நினைச்சவங்க ஓடிடுங்க' என்று ஒரு வரி சேர்ந்தது. சர்வர் சார் அதைப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து, எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நான்கு கிளைகளுக்கும் அந்தப் புத்தகம் போனது. தந்தி அக்கா இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறாள். முகமறியாத யாராவது தொலைவில் உள்ள கிளையிலிருந்து போன் செய்து, "அக்கா, நான் ஏழாவது விதமா தப்புப் பண்ணிட்டேன், புத்தகத்துல இல்லையே" என்பார்கள்.

"அவசரப்படாம சொல்லுங்க," என்பாள் அவள், விசைப்பலகையில் விரல்களை வைத்துக்கொண்டே. "எந்தப் பக்கத்துல நிக்கறீங்க?"