தொண்டை அரித்த ஞாயிறு

என் தங்கை சேய்னியின் புருஷன் லோபேதி இந்த டோங்கா தீவில் வாரம் முழுக்க பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் ஆளுக்கு உயிர் வரும். விடிந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழியடுப்பில் கல்லைச் சூடாக்க உட்கார்ந்துவிடுவான். சேம்பிலையை உள்ளங்கையில் விரித்து, வெங்காயமும் டப்பா இறைச்சியும் வைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொட்டலமாகக் கட்டுவான். அதற்குப் பேர் லூ. சுடுகல்லின் மேல் அவற்றை அடுக்கி, வாழையிலை போட்டு மூடி, மண்ணைத் தள்ளிவிட்டுப் பிரசங்கம் கேட்கக் கோயிலுக்குக் கிளம்புவான். வழியில் பார்க்கிறவர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே போவான். எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது சேய்னிக்கு ஒரு வாரமும் தெரிந்ததில்லை.

எல்லோரும் சாப்பிடும்போது அவன் உட்கார மாட்டான். நிலைப்படியில் சாய்ந்தபடி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"கண்ணு வைக்காம நீயும் ஒக்காந்து தின்னு லோபேதி" என்பேன்.

"பேச்சு நிக்கட்டும் மைனி."

பேச்சு நின்று மெல்லும் சத்தம் மட்டும் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை எனக்கு வெந்நீர்கூட வைத்துத் தந்ததில்லை.

அவனுடைய அக்கா கலோலைனி ஆக்லாந்தில் புருஷனைப் புதைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. கறுப்பு உடையில் உள்ளறையிலேயே சுருண்டு கிடந்தாள். தேநீரும் ஒரு பிஸ்கட்டும்தான் ஆகாரம். எலும்பும் தோலுமாகிவிட்டாள். எங்கள் டோங்காவில் அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி கால் வைக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லிக் கெஞ்ச அவனுக்கு வழியில்லை. அதனால் அடுப்பைத் திறந்ததும் முதல் லூவைத் தட்டில் வைத்து என்னிடம் கொடுப்பான். ஓரத்தில் கிள்ளியது போக அப்படியே திரும்பி வரும்.

"உப்பு தூக்கலா இருக்கா மைனி?"

"உப்பெல்லாம் சரிதான். அவ மனசுதான் சரியில்ல."

"இப்படியே போனா அவளையும் பொதைக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போன மாதம் ஒரு ஞாயிறு எங்கள் போதகருக்குக் காய்ச்சல். அவருடைய பிரசங்கம்தான் லோபேதிக்குக் கடிகாரம். அவர் ஆமென் சொல்லவும் இங்கே லூ வேகவும் சரியாக இருக்கும். அவருக்குப் பதிலாக வந்த இளம் போதகர் பாதி நேரத்திலேயே முடித்துவிட்டார். ஊரே மனசுக்குள் அவரை வாழ்த்தியது. லோபேதி வழக்கம்போல வீட்டுக்கு ஓடி, மண்ணைத் தள்ளி, அடுப்பைத் திறந்துவிட்டான்.

அரைவேக்காட்டுச் சேம்பிலை சும்மா விடுமா? ஆளாளுக்குத் தொண்டையைச் செருமினார்கள். இளம் போதகர் மரியாதைக்காக விழுங்கி விழுங்கித் தண்ணீர் குடித்தார்.

"எல்லாம் ஒங்க பிரசங்கத்தால வந்த வினை ஐயா" என்று நான் சொல்லியே விட்டேன்.

லோபேதி அவமானத்தில் அடுப்படிக்கு ஓடிப்போய், செய்ய வேலை இல்லாமல் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தக் கத்தல். "ஏ சேய்னி, ஒம் புருஷனுக்குப் புத்தி மழுங்கிப் போச்சா? இலை வேகுறதுக்குள்ள எடுத்திருக்கான். தொண்டையெல்லாம் அரிக்குது."

வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்ததில்லை. நான் உள்ளே ஓடினேன். தட்டு வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது.

"அரிச்சா பாதியிலயே வச்சிருக்கலாமே?" என்றேன்.

"பசிச்சுது." அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். தட்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு, "மிச்சத்தத் திரும்ப அடுப்புல வைக்கச் சொல்லு. வெந்ததும் எனக்கு இன்னொண்ணு கொண்டா" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். லோபேதி தலையை நிமிர்த்தவில்லை.

"அக்காவுக்கும் அரிக்குதாமா?"

"நாக்குலேருந்து தொண்டை வரைக்கும் அரிக்குதாம்" என்று காலித் தட்டை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கன்னத்துச் சாம்பலில் கண்ணீர் கோடு போட்டது.

"நல்லா அரிக்கட்டும் மைனி" என்றபடி விறகை எடுத்தான்.