தகரத்தில் வரைந்த கடைவீதி

என் கணவர் இறந்த பங்குனியில் நான் அழவில்லை. சித்திரையிலும் அழவில்லை. சாவுச் செய்தியைக்கூட என் வாயால் ஒருவருக்கும் சொன்னதில்லை. என் தம்பிதான் எல்லாருக்கும் போன் போட்டான். வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, இவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டுமே என்றுதான் நினைத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று, கல்லலிலிருந்து வந்த நாத்தனார் அடுப்படியில் சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

வைகாசியில் வேலைக்குத் திரும்பினேன். நான் படம் வரைகிறவள். காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைவீதியில் ஒரு வரிசைக் கடைகளை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மனையைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தகரம் அடைத்திருந்தது. இடிந்த கடைகளை அந்தத் தகரத்தில், இருந்த வரிசையிலேயே வரைவது, அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்களையே வண்ணம் தீட்ட வைப்பது என்று ஏற்பாடு. இடத்துக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. எப்படியும் கட்டி முடித்ததும் தகரம் போய்விடும்.

சாக்பீஸால் கோடு போடுவது மட்டும் என் வேலை. எது எங்கே இருந்தது என்று சொல்வதும் எனாமல் பெயிண்டை அப்புவதும் அவர்கள் வேலை. சண்டை வராத நாளில்லை. தேங்காய்க் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருந்த சந்து எவ்வளவு அகலம் என்பதிலேயே ஒரு காலைப் பொழுது போயிற்று. உச்சி வெயிலில் தகரம் தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும். அதற்குப் பயந்துதான் சண்டைகள் முடிந்தன.

அரிசிக் கடை பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். “எங்க அத்தா முகத்தப் போட வேணாம்மா, எங்களுக்கு அது வழக்கமில்ல. தராசு போடுங்க. வாசல்ல அவுக செருப்பப் போடுங்க. ஆளு உள்ளதான் இருக்காகன்னு தெரிஞ்சாப் போதும்.” செருப்பை அவரே தீட்டினார். இரண்டும் இடதுகால் செருப்பாக வந்தன. நான் திருத்தவில்லை.

மற்றவர்கள் முகம் கேட்டார்கள். செத்துப்போன அப்பாக்களின் போட்டோவைக் கொண்டுவந்தார்கள். குக்கர், மிக்ஸி ரிப்பேர் செய்தவர் கடை போன கையோடு மகனிடம் திருப்பூர் போய்விட்டார். அவருடைய போட்டோ யாரிடமும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லச் சொல்ல, கண்ணாடிக் காலில் சுற்றியிருந்த நூல் உட்பட வரைந்தேன். “ஒங்க வீட்டுக்காரரையும் ஒரு ஓரமா வரைஞ்சுடுங்களேன்” என்றார் பாய். அவருக்குத்தான் இங்கே கடை இல்லையே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

ஆடி அமாவாசை அன்று காலையில் போனால், தகரத்தில் இருந்த முகத்துக்கெல்லாம் சந்தனப் பொட்டு, பூச்சரம். அந்தக் கடைகளின் முன்னால் பல காலம் கூடை வைத்திருந்த பூக்காரம்மாவின் வேலை அது. “நாளும் கெழமையுமா மொட்டையா விடலாமாக்கா?” என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுச் சுவரில் அவ்வளவு பெரிய முகமாக மாட்டியிருந்தால் அது போய்ச் சேர்ந்தவராகத்தான் இருக்கும். அந்த நினைப்பில் முகம் உள்ள எல்லாருக்கும் போட்டிருந்தார், குக்கர் கடைக்காரருக்கும் சேர்த்து. நான் அதைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பெயிண்ட் டப்பாவைத் திறந்து கலக்க ஆரம்பித்தேன்.

சற்று நேரத்தில் குக்கர் கடைக்காரரே வந்து நின்றார். கோவிலூரில் தாய் தகப்பனுக்குத் திதி கொடுத்துவிட்டு, பழைய இடத்தை ஒரு எட்டுப் பார்க்கலாம் என்று வந்தவர். தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, என்னய எப்பத் தூக்குனீக?”

பூக்காரம்மா தலையில் கை வைத்துவிட்டார். “ஆத்தாடி! அண்ணே, நீங்க இங்குட்டு வரவே இல்லியே, நான் என்னத்தக் கண்டேன்? நூறு வருசம் இருப்பீக!” சரத்தைப் பிய்த்தெறிந்து, முந்தானையால் பொட்டை அழுத்தித் தேய்த்தார். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. நெற்றியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பாய் சிரித்தார், அந்த மனிதரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

நெற்றியைத் திரும்பத் தீட்ட அவரையே எதிரில் டப்பா மேல் உட்கார வைத்தேன். அதற்குள் பாய் தொழுகைக்கும் பூக்காரம்மா கோயில் வாசலுக்கும் போய்விட்டார்கள். குக்கர் கடைக்காரர் உட்கார்ந்தபடியே கேட்டார்.

“வீட்ல ஐயா நல்லா இருக்காகளாம்மா? குக்கர் கேஸ்கட் போச்சுன்னா நம்மகிட்டதான் தூக்கிட்டு வருவாக. வந்தா ஒரு மணி நேரம் அரட்டைதான்.”

சாவுச் செய்தியைத் திருப்பூருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானோ பழக்கத்தில் என் நெற்றியில் பொட்டு வைப்பதை இன்னும் விடவில்லை. அதைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார். கையில் பிரஷ் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும்.

“நல்லா இருக்காக” என்றேன்.

“நான் கேட்டதாச் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

நெற்றியை முடித்தேன். நன்றாகவே வந்தது. அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பொழுது சாய்ந்ததும் நான் பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிவிட்டு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கூடத்தில் நின்று, “ஏங்க, குக்கர் கடைக்காரர் ஒங்களக் கேட்டாக” என்றேன்.

சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. காத்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தபோதுதான் முதன்முதலாக வலித்தது.