சாமிக்குப் போக மீதிப் பூ

முட்டி ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாகியும் என் மனைவி வாக்கரை விடவில்லை. கால் சரியாகிவிட்டது, பயம்தான் போகவில்லை என்றார் டாக்டர். பெங்களூர் தொம்மலூரில் எங்களுடையது மாடி வீடு. கதவைத் திறந்தால் மொட்டைமாடி. கதவிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை பதினான்கு காலடி. வாக்கர் இல்லாமல் தினமும் நாலு தடவை போய்த் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. இவள் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க போயி இன்னாத்த பாக்கறது? வாட்டர் டேங்கையா?"

நியாயமான கேள்வி. முப்பது வருஷம் சயின்ஸ் டீச்சராக இருந்தவள். பட்டாம்பூச்சி பறந்தால் என்னைத் திட்டுவதைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். பட்டாம்பூச்சிகளிடம் அந்த நன்றிக்கடனும் எனக்கு உண்டு. சரி, சுவரோரம் பூச்சிகளை வரவழைப்போம் என்று கிளம்பினேன். வருஷாவருஷம் ஜனவரியில் நான் வாங்கிவரும் பூச்செடிகள் யுகாதிக்குள் காலமாகிவிடும். இந்தத் தடவை நின்று நிலைக்கும் செடிதான் என்று முடிவு.

நர்சரியில் அடுக்குச் செம்பருத்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நர்சரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்களுக்குப் பூ அழகா இருக்கணுமா, பூச்சி வரணுமா?"

"பூச்சி."

"அப்ப அத்த கீழ வச்சிடுங்க. அம்மாம் இதழுக்கு நடுவுல தேனீ எங்க பூந்து தேன் குடிக்கும்? ஒத்தச் செம்பருத்தி எடுங்க. பட்டாம்பூச்சிக்கு இட்லிப்பூ. தேனீக்குத் துளசி. அப்புறம் இந்தக் கிலுகிலுப்பை. மஞ்சப்பூ, பெரிய வண்டுக்கு உசுரு. எல்லாமே வருஷக்கணக்கா நிக்கும்."

நாலையும் வாங்கி வந்து தொட்டிகளில் வைத்தேன். செம்பருத்தியும் இட்லிப்பூவும் துளசியும் ஒரே வாரத்தில் பூத்தன. கிலுகிலுப்பை மொட்டோடு நின்றது. ஒரு பூச்சியும் வரவில்லை. மூன்றாவது வாரம் எனக்குக் கிலி பிடித்தது. போனில் தேடினேன், உலகம் முழுக்கத் தேனீக்கள் குறைகின்றன என்று வந்தது. போச்சு, அழிவு தொம்மலூரில் எங்கள் மாடியில்தான் ஆரம்பம் என்று தீர்மானித்தேன். செல்போன் டவரைச் சந்தேகித்தேன். எதிர்வீட்டுப் பெயின்டைச் சந்தேகித்தேன். என் ஷேவிங் லோஷனையும் நிறுத்திப் பார்த்தேன். தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். எறும்புகள் மட்டும் அழைப்பை மதித்துக் குடும்பத்தோடு வந்தன.

நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கேட்டாள்.

"காலைல ஆறு மணிக்கு இன்னா பண்றீங்க?"

"குளிச்சிட்டு சாமிக்குப் பூப் பறிக்கிறேன்."

"எத்தினி?"

"இருக்கிற எல்லாத்தையும்."

"துளசிக் கதிர?"

"அத்தயும் கிள்ளிடுவேன். செடி புதரா வளரட்டும்னு."

"வெயில் வந்ததும் தேனீ வந்து பாத்தா வெறும் இல. ஓட்டல்ல போர்டு மட்டும் மாட்டிட்டு அடுப்பு பத்த வைக்கலன்னா எவன் வருவான்?"

என்னிடம் படித்திருந்தால் நாலாம் வகுப்பே தாண்டியிருக்க மாட்டீர்கள் என்றாள். பிறகு குரலை இறக்கி, "அம்மாம் பூவ வச்சு அப்படி இன்னா வேண்டுதல்?" என்றாள்.

"நீ நடக்கணும்னுதான்."

அவள் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு ஒண்ணு போதும். மீதிய செடியிலயே விடுங்க. அவருக்கு அங்கேர்ந்தே தெரியும்."

விட்டேன். ஐந்தாம் நாள் துளசிக் கதிரில் சின்னத் தேனீக்கள். அடுத்து இட்லிப்பூவில் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி. அவள் வாக்கரோடு எட்டு அடி வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதற்குமேல் காலும் வரவில்லை, தைரியமும் வரவில்லை.

கிலுகிலுப்பை பூத்த ஒரு காலை, பக்கெட்டிலிருந்து மக்கில் மொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காதருகே ஏதோ மோட்டார் ஓடியது. திரும்பினால், கட்டைவிரல் தடிமனில் ஒரு கருவண்டு, என் மூக்குக்கு நேராக அந்தரத்தில் நிற்கிறது. பூச்சி வேண்டும் என்று நாயாய் அலைந்தவன் நான்தான். ஆனால் அந்த நிமிஷம் அதெல்லாம் ஞாபகம் வருமா? பக்கெட்டை உதைத்துத் தள்ளிவிட்டு, கைப்பிடிச் சுவரோர டேங்க் இடுக்கில் பதுங்கி, மக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அவள் பெயரைச் சொல்லி அலறினேன்.

யாரோ மக்கைத் தட்டினார்கள்.

"ஆண் வண்டுங்க அது. அதுக்குக் கொடுக்கே கெடயாது. உங்கள மாதிரிதான், வெறும் சத்தம்."

கண்ணைத் திறந்தேன். எதிரே அவள். கையில் துண்டு. வாக்கர் அங்கே கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவளும் திரும்பிப் பார்த்தாள். என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயோ, எப்பிடிங்க வந்தேன்?"

"நடந்துதாம்மா வந்த."

"இப்ப எப்பிடித் திரும்பிப் போறது?"

"வண்டு போகட்டும். அதுவரைக்கும் நானும் இங்கேர்ந்து நகர மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டு மஞ்சள் பூ ஒன்றில் போய் உட்கார, கொத்து அப்படியே வளைந்து கொடுத்தது. கால் எல்லாம் மகரந்தம் பாருங்க என்று என் தோளை விட்டுவிட்டு, கிட்டே குனிந்தாள். நான் மக்கைக் கழற்றவில்லை.