கைராசி இல்லாதவள் போட்ட விதை

எனக்குக் கைராசி கிடையாது என்று மாமியார் தீர்ப்புச் சொன்னபோது, நான் அந்த வீட்டுக்கு வாழவந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பூதப்பாண்டிப் பக்கம் வயல்காரர் வீடு. நான் வந்த வாரம் உழவுமாடு ஒன்று கால்வாயில் வழுக்கி விழுந்து செத்தது. வழுக்கியது மாடு, பழி எனக்கு.

அந்த வீட்டில் நாற்றங்காலுக்கு முதல் பிடி விதையை மருமகள்தான் போடுவாள். அந்தப் புரட்டாசியில் என்னை ஒதுக்கிவிட்டு, அருமனையில் கட்டிக்கொடுத்த நாத்தனாரை வரவழைப்பது என்று பேச்சு. மழை விட்டதும் ஆள் போகவேண்டியதுதான் பாக்கி. முதல் விதை கையைவிட்டுப் போனால், அதற்கப்புறம் நான் அங்கே சோறு வடிக்கிறவள், அவ்வளவுதான்.

மழை விடவில்லை. மாமனாரும் என் வீட்டுக்காரரும் அவருடைய அத்தை மகன் அத்தானும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தார்கள். இருபத்தெட்டு ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். நாலாவது ஆளுக்குக் காய்ச்சல்.

"ஏட்டி, ஒனக்குச் சீட்டு தெரியுமா?" என்றார் மாமனார்.

"கொஞ்சம் தெரியும் மாமா." அண்ணன்மார் மூன்று பேரை அழவைத்த கதையை நான் எதற்குச் சொல்கிறேன்?

"அவளச் சேத்தா வெளங்கின மாதிரிதான்," என்று அடுக்களையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

மாமனாரும் நானும் ஒரு கட்சி. எதிர்க்கட்சி இருபது புள்ளி எடுப்பதாக ஏலம் கேட்டு, துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தது. அது எந்த இனம் என்று அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். இறங்கிய இனம் நம் கையில் இல்லாவிட்டால், "துருப்பைக் காட்டு" என்று கேட்டு, கையில் இருக்கும் துருப்பால் வெட்டலாம். எப்போது கேட்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது.

என் கையில் குப்பை. மூன்று புள்ளி பெறும் குலான், அதாவது ஜாக்கி, ஒன்றுகூட இல்லை. முதல் தடவை ஆட்டின், அதாவது சிவப்பு இதயச் சீட்டு, இறங்கியபோது என்னிடம் ஆட்டின் இல்லை. மாமனார் இருமினார், கண்ணைக் காட்டினார். நான் பேசாமல் ஒரு எட்டை எறிந்தேன்.

"கேக்க வேண்டியதுதான மக்களே! வாயில கொழுக்கட்டையா?"

"பசிக்கல மாமா," என்றேன்.

அடுத்த சுற்றில் அத்தான் ஆட்டின் குலானைத் தட்டிப் போட்டார். மாமனார் வேறு வழியில்லாமல் ஆட்டின் ஆஸ் சீட்டைக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஒன்பதை மேலே வைத்தார். ஆறு புள்ளி குவிந்து கிடந்தது.

"இப்பம் காட்டுங்க, துருப்பை," என்று அத்தானிடம் கேட்டேன்.

இஸ்பேட். என்னிடம் இருந்தது ஒரே ஒரு இஸ்பேட், அதுவும் ஏழு. அந்தப் பொடியனை வைத்து குலானை அள்ளினேன். கடைசியில் அவர்களுக்கு இருபதில் ஒரு புள்ளி குறைந்து ஆட்டம் போனது.

மாமனார் தொடையில் தட்டினார். "ஏ, கேட்டியா! நம்ம மருமவளுக்கு என்னா ராசி!"

அந்த இடத்தில் தலையைக் குனிந்திருந்தால் காரியம் நடந்திருக்கும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"ராசி ஒண்ணும் இல்ல மாமா. ஏழு எனக்கு வந்தது சும்மா வந்தது. காத்திருந்தது மட்டும் நான். மாடு செத்ததும் சும்மா செத்தது. அது எங்கிட்ட கேட்டா வழுக்குச்சு?"

மாமியார் கையில் அகப்பையோடு வந்து நின்றார். "என்னா வாயி பாத்தியளா!"

"முதல் வெத நான்தான் போடுவேன் மாமி. வெளஞ்சா மழைக்கு நன்றி சொல்லுங்க. வெளையலேன்னா மழையை ஏசுங்க. என் கையை விட்டுருங்க."

மாமனார் சீட்டைக் கலைத்து அடுக்கியபடி, "அருமனைக்கு ஆள் விட வேண்டாம்," என்றார்.

நான்தான் போட்டேன். கதிர் பூக்கிற நேரத்தில் பேய்மழை அடித்து, அந்தக் கும்பப்பூ விளைச்சலில் பாதி மணி பிடிக்காத சாவி. மாமியார் பதரைக் கையில் அள்ளி என் முகத்துக்கு நேரே ஊதினார். "மழையை ஏசுங்க மாமி," என்றேன்.

அடுத்த போகத்துக்கும் விதைக்கூடையை நானே எடுத்துக்கொண்டு இறங்கினேன். நெல் கொட்டும் பத்தாயம் நிறைந்தது. "கை வெளங்கிட்டுதே," என்று மாமியார் முதல்முறையாகச் சிரித்தார். அதற்கும் என் கை காரணமில்லை என்று சொன்னேன். பதரைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.